செங்கல்லும் சோப்பு டப்பாவும்

மார்ச் 3

வாண்டு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். அன்பு இருக்கிறதா இல்லையா என்பதை அப்புறம் பார்க்கலாம், விஷயம் அவசரம். போனில் பேசினால் நாம் இரண்டு பேருமே வாயைத் திறந்த சூட்டோடு பொசுக்கென்று வைத்துவிடுவோம். அதனால்தான் கடிதம். முகவரி அம்மா கொடுத்தாள். அவள் உனக்கு மாதாமாதம் எழுதுகிறாள் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இத்தனை வருஷம் என்னிடம் மூச்சு விடவில்லை பார், கெட்டிக்காரி.

நம் இரண்டு கம்பெனிகளும் வீடியோ கேம் பெட்டி செய்து அடித்துக்கொண்ட கதையை ஒரு பெண் ஆவணப்படமாக எடுக்கிறாள். போன வாரம் என் லேபுக்கு வந்தாள். கண்ணாடி அலமாரியில் இருந்த பழைய கன்ட்ரோலர்களை எல்லாம் படம் பிடித்தாள். எங்கள் பெட்டியை ஊரார் செங்கல் என்பதும் உங்கள் பெட்டியைச் சோப்பு டப்பா என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. செங்கல்லை இடது கையாலும் சோப்பை வலது கையாலும் விளையாட வேண்டும் என்று பத்திரிகைக்காரர்கள் செய்த கேலியைக்கூட மனப்பாடமாகச் சொன்னாள். கெட்டிக்காரப் பெண்தான். எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் தன் லேப்டாப்பைத் திறந்து ஒரு துண்டுப் படம் காட்டினாள். எங்கள் அறிமுக விழா. அப்போதிருந்த எங்கள் தலைவர் மேடையில் நின்று சொல்கிறார்: "சோப்பு டப்பாவோட சாய்ஞ்ச பட்டன் எங்க மேசையிலேருந்து போனது. கொண்டு போனது யாருன்னு இங்க உட்கார்ந்திருக்கற அவங்க அக்காவையே கேளுங்க." கேமரா என் பக்கம் திரும்புகிறது. நான் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"நீங்க மறுத்து ஒண்ணும் சொல்லலையே மேடம். அப்ப அது நிஜந்தானா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாததை நான் சொல்ல மாட்டேன். அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது" என்றேன்.

"அப்ப கேட்டுச் சொல்லுங்க. ஏப்ரல் நடுவுல ஷூட்டிங்கை முடிக்கறேன். அதுக்குள்ள ஒண்ணும் கிடைக்கலேன்னா இந்தத் துண்டு அப்படியே படத்துல போகும்."

அதனால் கேட்கிறேன். இடது பக்கம் ஆளை ஓட்டுகிற குச்சியும் வலது பக்கப் பட்டன்களும் வெளிப்பக்கம் பார்த்துச் சாய்ந்த மாதிரி ஒரு கன்ட்ரோலரை நான் வரைந்து என் மேசையில் வைத்திருந்தேன். நீ அப்போது எங்களிடம்தான் வேலை பார்த்தாய், அதுவும் நான் சேர்த்துவிட்ட வேலை. ஒரு நாள் வாசலில் காவலுக்கு இருப்பவர், "மேடம், உங்க தங்கச்சி கார்டைத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்று என்னைக் கேட்டார். அடுத்த வருஷம் அதே சாய்வோடு சோப்பு டப்பா கடைக்கு வந்தது. அதைப் பார்த்து, காப்பி அடித்தோம் என்று எங்களைச் சொல்வார்கள் என்று பயந்து எங்கள் தலைவர் என் வலது பக்கத்தை நேராக்கிவிட்டார். என் டிசைன் பாதியாய்ப் போனது.

எடுத்தாயா, இல்லையா? ஒரு வார்த்தையில் எழுது.

அக்கா


மார்ச் 10

அக்கா,

நான் 'அன்புள்ள' எழுதி அடிக்கவில்லை. எழுதவே இல்லை. மை மிச்சம்.

எடுத்தாயா, இல்லையா! அலமாரியில் வைத்த சீப்பைக் காணோம் என்கிற மாதிரி கேட்கிறாய். இத்தனை வருஷம் கழித்து ஒரு கடிதம், அதிலும் விசாரணை. நான் பதில் சொல்ல மாட்டேன். ஊரில் யார் வேண்டுமானாலும் கேட்கட்டும், பல்லைக் காட்டிக்கொண்டு பதில் சொல்வேன். நீ கேட்டால் சொல்ல மாட்டேன். நீ கேட்டிருக்கவே கூடாது.

சொல்லாமல் போனேன் என்கிறாய். ஆமாம், போனேன். உன் கம்பெனியில் எனக்கு என்ன பெயர் தெரியுமா? 'பெரியவளோட தங்கச்சி'. சாப்பாட்டு அறையில், மீட்டிங்கில், ஏன், என் மேசையில் வைத்த பார்சலில்கூட அப்படித்தான் எழுதியிருந்தார்கள். ஒரு ஸ்க்ரூவை நான் சரியாக முடுக்கினால், "அக்கா சொல்லிக் குடுத்தாங்களா?" என்பார்கள். உன்னிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்? "உட்காருடி, பேசலாம்" என்றிருப்பாய். நானும் உட்கார்ந்திருப்பேன். உன் 'உட்காருடி'க்கு முன்னால் நின்றவர்கள் யார்?

அந்தத் துண்டுப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். அதில் தலைவர் சொன்னது எனக்கு வலிக்கவில்லை, அந்த ஆளுக்கு வாய் அப்படித்தான். உன் கைதான் வலித்தது. மடியில் வைத்த கையை ஒரு தடவை தூக்கி, "அவ அப்படிப்பட்டவ இல்லை" என்று சொல்லியிருந்தால் போதும்.

டைரக்டரம்மா இங்கேயும் வந்தாள். வந்து போன மறுநாளே எங்கள் தலைவர் என்னைக் கூப்பிட்டார். செப்டம்பரில் எங்களுடைய புதுப் பெட்டி வருகிறது. அதன் கன்ட்ரோலர் முதல் பிடிக் களிமண்ணிலிருந்து என்னுடையது. மேடையில் நான்தான் காட்டுவதாக இருந்தது. "படம் என்ன சொல்லுதுன்னு பார்த்துக்குவோம். அதுவரைக்கும் மேடையில வேற யாராவது பேசட்டும்" என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார், காபிகூடக் கொடுத்தார். நான் பெற்ற பிள்ளையை வேறொருத்தி இடுப்பில் வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பாள், நான் கடைசி வரிசையில் கை தட்ட வேண்டும். அந்தத் துண்டு அப்படியே படத்தில் போனால் அப்புறம் எந்த மேடையும் கிடையாது. நான் திருடி, அவ்வளவுதான்.

சாய்வு எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். உனக்காக இல்லை, உண்மைக்காகச் சொல்கிறேன். கன்ட்ரோலருக்குப் பிடி எடுக்கக் கண்ணை மூடிக்கொண்டு களிமண்ணை வலது கையில் பிடித்தேன். கட்டை விரலை வைத்தேன். அது சாய்ந்து வந்தது. அவ்வளவுதான். என் கையை உனக்குத் தெரியவில்லை என்றால் வேறு யாருக்கும் தெரியாது.

நான்


மார்ச் 17

வாண்டு,

களிமண் சாய்ந்து வராது.

நான் இந்தத் தொழிலில் தலை நரைத்தவள். பெரிய கை, சின்னக் கை, பியானோ வாசிக்கிற கை, மூட்டை தூக்குகிற கை என்று பிடி எடுத்திருக்கிறேன். கண்ணை மூடிக் களிமண்ணைப் பிடித்தால் கட்டை விரல் நேராகத்தான் விழும். சாய்வது என் இடது கை ஒன்றுதான், ஏன் என்று எனக்கே தெரியாது. பார்க்க ஜோடியாக இருக்கட்டும் என்று அதையே கண்ணாடியில் பார்த்த மாதிரி வலது பக்கத்துக்கும் வரைந்தேன். உன் பட்டன்கள் அதே அளவு சாய்ந்திருக்கின்றன. நூல் பிசகவில்லை. இரண்டையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். "என் கைக்கு வந்தது" என்று சொல்லி என் காதில் பூ சுற்றாதே.

விழாவில் ஏன் கையைத் தூக்கவில்லை என்கிறாய். தெரியாத ஒன்றைத் தங்கைக்காகத் தெரியும் என்று சொல்ல எனக்கு வராது. சொல்லியிருந்தால் நீதான் முதலில் என்னை மதிக்காமல் போயிருப்பாய். "இல்லை" என்று சொல்ல ஆசை இல்லாமலா இருந்தேன்? சொல்ல ஒரு காரணம் கிடைக்காதா என்று அன்றிலிருந்து தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். நீயானால் வீம்பு பிடித்துக்கொண்டு களிமண் கதை சொல்கிறாய்.

மேடை விஷயம் படித்தேன். காபி கொடுத்தாராமே! முகத்தில் ஊற்றிவிட்டு வந்திருக்க வேண்டியதுதானே?

இன்னொன்று. உங்கள் கன்ட்ரோலரின் இடது பக்கம் இருக்கிறதே, அது என்ன? கதவுக்கு முட்டுக் கொடுக்கச் செய்ததா? நேற்று அதில் ஒரு ஆட்டம் விளையாடிப் பார்த்தேன், கட்டை விரல் வீங்கிவிட்டது. என் தங்கை செய்த பொருளில் இப்படி ஒரு பாதியா என்று வெட்கமாக இருந்தது.

அம்மா இரண்டு கன்ட்ரோலரையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே மாதிரிதானேடி இருக்கு, இதுக்கா பேசாம இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள்.

அக்கா


மார்ச் 24

அக்கா,

வெட்கப்படுகிறாளாம்! உன் செங்கல்லின் வலது பக்கத்தை யாராவது உன்னிடம் சொல்லியிருக்கிறார்களா? பட்டனா அது, பாறை. அமுக்கினால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது, கூப்பிட்டால்தான் வெளியே வரும். நேராக்கியது உங்கள் தலைவர் என்றால், கல்லாக்கியது யார்? இடது பக்கம் மட்டும், சொல்லக் கூடாது, வெண்ணெய். வாங்கின அன்றைக்கே பிரித்துப் போட்டுப் பார்த்தேன். அந்தக் குச்சி மையத்துக்குத் திரும்பி வருகிற அழகில் ஒரு நிமிஷம் உன் மேல் கோபம் மறந்தது. அப்புறம் வந்துவிட்டது.

எனக்கு இடது பக்கம் வராது. அது உனக்குத் தெரியாதா? சோதனை பண்ணும்போதெல்லாம் இடது பக்கத்தைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிடுவேன். சின்ன வயதில் என்னை இடது பக்கம் தொடவிட்டால்தானே? குடை மாமாவை ஞாபகம் இருக்கிறதா? குடையைப் பிடித்துக்கொண்டு கூரை கூரையாகத் தாவுவாரே, நம்மிடம் இருந்த ஒரே வீடியோ கேம் கேசட். அம்மாவோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர் கொடுத்த பழைய மெஷின், அதற்கு ஒரே ஒரு கன்ட்ரோலர். "சண்டை போட்டா ரெண்டு பேருக்கும் கிடையாது, சேர்ந்து விளையாடறதுன்னா விளையாடுங்க" என்று அம்மா டூட்டிக்குப் போய்விடுவாள். ஒருத்தர் விளையாடுகிற ஆட்டத்தை நாம் இரண்டு பேரும் விளையாடினோம். ஓட்டுவது நீ, குதிப்பதும் குடையை விரிப்பதும் நான். மாமா மணிக்கூண்டிலிருந்து விழும்போதெல்லாம் பழி என் மேல். ஒரு தடவையாவது "நான் சரியா ஓட்டலை" என்று சொல்லியிருக்கிறாயா நீ?

சரி, அதை விடு. நேற்று எங்கள் மேடைப் பேச்சுக்கு ஒத்திகை நடந்தது. எனக்குப் பதில் பேசப் போகிறவர் நல்ல மனிதர்தான், பாவம். "இந்தச் சாய்வு ஏன் இப்படி?" என்று என்னிடமே வந்து கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். கன்ட்ரோலரைக் கையில் வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே வரும்போது முகம் கழுவின மாதிரிதான் இருந்தது.

நீ எனக்காக எதுவும் சொல்ல வேண்டாம். கெஞ்சிக் கேட்டு வாங்குகிற நற்பெயர் எனக்கு வேண்டாம். தெரியாது என்றால் தெரியாது என்றே சொல். ஆனால் மடியில் கையை வைத்துக்கொண்டு சொல்லாதே, கையை எங்கேயாவது வேறு இடத்தில் வை.

நான்


ஏப்ரல் 1

வாண்டு,

இன்றைய தேதியைப் பார்த்து விளையாடுகிறேன் என்று நினைக்காதே. உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கோபம்தான் வந்தது, பாறை என்று எழுதியிருந்தாயே. சோபாவில் உட்கார்ந்து, எங்கள் செங்கல்லின் வலது பக்கம் அப்படி என்ன மோசம் என்று அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். (மோசம்தான்.)

அம்மா துவைத்த துணிகளோடு வந்தாள். மடித்து வைக்க இடம் வேண்டும் அவளுக்கு. "தள்ளி உட்காரேன்டி. ஆளே இல்லாத சோபாவுல எதுக்கு இந்த ஓரத்துல இடிச்சுக்கிட்டு உட்கார்றே? இன்னும் அவளுக்கு இடம் விட்டுத்தான் உட்காருவியா?" என்றாள்.

பார்த்தேன். நான் இடது கோடியில், கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலது பக்கம் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது, குடை மாமா விளையாடும்போது நீ உட்காருகிற இடம். லேபில் இருக்கும் சோபாவிலும் நான் அப்படித்தானாம், மறுநாள் கேட்டேன். "நீங்க எப்பவும் அந்தக் கோடிதானே மேடம்" என்றார்கள். கையில் கன்ட்ரோலரை எடுத்தால் நான் நடுவில் உட்காருவதே இல்லை. இத்தனை வருஷமாக எனக்கு அது தெரியாது.

அம்மாவைப் பிடித்து உன் இடத்தில் உட்கார வைத்தேன். "என்னடி கூத்து இது, துணி கசங்கும்" என்று கத்தினாள். காலையில் கொண்டுவந்திருந்த களிமண்ணைப் பிசைந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்து, நாம் பிடிக்கிற மாதிரியே பிடிக்கச் சொன்னேன். என் இடது கை இடப்பக்கமிருந்து குறுக்கே வந்தது. அவள் வலது கை வலப்பக்கமிருந்து குறுக்கே வந்தது. நடுவில் இருந்த இரண்டு கைகளும் நாம் வழக்கமாகக் கிள்ளிக்கொள்கிற கைகள்தானே, அவற்றுக்கு வேலை இல்லை. கண்ணை மூடிக் கட்டை விரலை அழுத்தச் சொன்னேன்.

சாய்ந்து வந்தது. இரண்டு பக்கமும். அம்மா பிடித்த பாதியை எடுத்து உன் சோப்பு டப்பாவின் பட்டன்கள் மேல் வைத்தேன். போய் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் லேபில் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேரைப் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தேன். அதே சாய்வு. தனித்தனியாக உட்கார வைத்தால் நேராக வருகிறது. ஒரு கன்ட்ரோலரை இரண்டு பேர் பிடித்தால்தான் சாய்கிறது. நாம் இரண்டு பேரும் உலகத்துக்கெல்லாம் கன்ட்ரோலர் செய்தோம், ஆனால் ஆளுக்குப் பாதிதான் செய்தோம். மற்றப் பாதிக்குப் பக்கத்தில் ஆள் இருக்கிறாள் என்று நம் கைகள் நினைத்துக்கொண்டிருந்திருக்கின்றன. உன் இடது பக்கம் முட்டுக்கட்டை, என் வலது பக்கம் பாறை. வேறு எந்த இரண்டு முட்டாள்களும் இப்படிச் செய்ய மாட்டார்கள்.

என் மேசையிலிருந்து எதுவும் போகவில்லை. உனக்கும் எனக்கும் வந்தது எல்லாமே அம்மா வீட்டு ஓட்டை சோபாவிலிருந்து வந்தது.

காரணம் கிடைத்துவிட்டது, அதனால் சொல்லிவிட்டேன். டைரக்டரைக் கூப்பிட்டு, கேமராவை வைக்கச் சொல்லி, "என் தங்கச்சி எடுக்கலை, எடுக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை" என்று சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றுதான் சொன்னேன், உனக்காக. அவள் நல்லவள்தான், ஆனால் நம்பவில்லை. "அக்கா தங்கச்சியை விட்டுக்குடுக்க மாட்டாங்கன்னு ஜனங்க சொல்வாங்க மேடம்" என்றாள். "காட்டறேன்" என்றேன். "சரி, காட்டுங்க" என்றாள். அப்போதுதான் தெரிந்தது, ஒரு கையால் காட்ட முடியாது.

வா.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸ் லிஃப்டில் படித்தேன். இறங்க மறந்து மேலே போய்க் கீழே வந்து மறுபடி மேலே போனேன். கூட வந்தவர் என்ன ஆச்சு என்றார். "எங்க வீட்டு சோபா" என்றேன். என்ன நினைத்தாரோ.

நானும் அந்த இடத்தில்தான் உட்காருகிறேன். இங்கே, என் வீட்டில், வலது கோடியில். இவர் பல தடவை கேலி செய்திருக்கிறார், கல்யாணம் ஆன புதிதில் தன் பக்கத்தில் உட்காரப் பிடிக்கவில்லையோ என்றுகூட நினைத்தாராம்.

வருகிறேன். நிபந்தனைகள் உண்டு. மன்னிப்பு என்று ஆரம்பிக்காதே. உனக்கு அது வராது, நீ திணறுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. சொல்லாமல் போனதற்கு நானும் கேட்க மாட்டேன், நான் போகத்தான் வேண்டியிருந்தது. என் பட்டன் பக்கம் உன் விரல் வரக் கூடாது. அப்புறம் அந்தப் பழைய மெஷின் அம்மாவிடம் இருக்கிறதா என்று கேள். வேறு எந்த ஆட்டமும் வேண்டாம், குடை மாமாதான்.

பயமாக இருக்கிறது அக்கா. கை மறந்திருந்தால்?

உன் வாண்டு


ஏப்ரல் 23

அக்கா,

வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். ரயிலில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரே இருந்த அம்மாள் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

டைரக்டரம்மா போட்டிருந்த நாற்காலிகளைப் பார்த்து நீ விட்ட ஒரு பார்வை போதும், அதை மட்டுமே படமாக எடுத்திருக்கலாம். எதிரெதிரே, கோர்ட்டில் சாட்சி நிறுத்துகிற மாதிரி, நடுவில் இவ்வளவு இடைவெளி! நீ லேப் சோபாவை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினாய். அந்தக் கேமராக்காரர் பயந்துபோய் மறுபக்கத்தைப் பிடித்தார். இடது கோடியில் போய் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல், "உட்காருடி" என்றாய். இத்தனை வருஷம் எந்த வார்த்தைக்குப் பயந்து ஓடினேனோ அதே வார்த்தை. உட்கார்ந்தேன். உன் தோள் எலும்பு இன்னும் குத்துகிறது, கொஞ்சம் சாப்பிடு.

கை மறக்கவில்லை. ஆனால் வாயும் மறக்கவில்லை! முதல் கூரையிலேயே நீ, "குதிடி!" என்றாய். "நீ ஓட்டறதுக்கு முன்னாடி எப்படிடி குதிக்கறது?" என்றேன். 'டி' போட்டதற்கு நடுக்கையால் நறுக்கென்று ஒரு கிள்ளு. நானும் விட்டேனா? மாமா பள்ளத்தில். "உன்னாலதான்." "உன்னாலதான்." கேமரா ஓடுகிறது என்பதே எனக்கு மறந்துவிட்டது. மேலே கட்டியிருந்த கேமராவில் நம் கைகள் மட்டும் தெரிந்தனவாம். டைரக்டரம்மா திரையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். அவள் முகம் மாறியிருந்தது. இரண்டு கம்பெனிக் கன்ட்ரோலரையும் நம் கைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். "மேலேருந்து இன்னொரு தடவை எடுங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் படத்துக்கு வேண்டிய சண்டை கையை விட்டுப் போனது அப்போதுதான். அதற்காக அவள் வருத்தப்படவில்லை, எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

அப்புறம் மணிக்கூண்டு வந்தது. அந்த இடத்தில் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நீ ஓட்டின வேகத்தை என் கட்டை விரல் கேட்டுக்கொண்டே இருந்தது. எப்போது விடுவாய் என்று தெரிந்தது. விட்டாய், குதித்தேன், குடை விரிந்தது. மாமா அந்தப் பக்கம் போய் நின்றார். சின்ன வயதில் ஒரு நாள்கூடப் போகாத அந்தப் பக்கம்! அங்கே என்ன இருக்கும் என்று எப்படியெல்லாம் நினைத்திருந்தோம். ஒரு வாசல், ஒரு பூச்செடி, மாமா குடையை மடித்துச் சாத்தி வைக்கிறார். அவ்வளவுதான். அழுகை வந்துவிட்டது எனக்கு. உன் பக்கம் திரும்பவே இல்லை, திரும்பினால் நீயும் அழுதிருப்பாய், படம் கெட்டிருக்கும்.

"இப்பச் சொல்லுங்க, கடைசியில ஜெயிச்சது யாரு?" என்று டைரக்டரம்மா கேட்டாளே, நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "நான்தான்" என்றோமே! அதை வெட்டினால் அவளோடு பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இங்கே வந்ததும் எங்கள் தலைவர் கூப்பிட்டார். டைரக்டரம்மா அந்தக் காட்சியை அவருக்கு அனுப்பியிருக்கிறாள். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "மேடை உங்களுதுதான், மன்னிக்கணும்" என்றார். காபி வரவழைத்தார். குடிக்கவில்லை, மேசையிலேயே ஆற விட்டு வந்தேன். உனக்குப் பிடிக்கும் என்றுதான்.

உன் வாண்டு


செப்டம்பர் 14

அன்புள்ள வாண்டு,

அடிக்கவில்லை, கவனி.

படம் நேற்று வெளியானது. நீ மேடையில் நின்ற அதே நாளில் இது வர வேண்டுமா என்று அம்மா கடவுளையும் டைரக்டரையும் சேர்த்துத் திட்டினாள். மத்தியானம் உன் விழாவை லேப் டிவியில் பார்த்தோம். நன்றாகப் பேசினாய். "இதோட வலது பக்கம் என்னோடது. இடது பக்கத்துக்கு எனக்கு ஓர் அக்கா இருக்காங்க, அவங்க வேற கம்பெனி" என்றாயே, எங்கள் லேபில் வேலையைப் போட்டுவிட்டுக் கை தட்டினார்கள். எதிரிக் கம்பெனி விழாவுக்குக் கை தட்டுகிறார்களே என்று எங்கள் புதுத் தலைவர் எட்டிப் பார்த்தார். நான் தட்டவில்லை. என் கையில் உங்கள் சோப்பு டப்பா இருந்தது, மறைத்துக்கொண்டேன்.

ஒரு தடவை சொல்கிறேன், மறுபடி கேட்காதே. உன் வலது பக்கம் மாதிரி ஒன்றை நான் இந்தத் தொழிலில் பார்த்ததில்லை. என் கை அந்தப் பக்கம் போனதே இல்லை என்பதால் சொல்லவில்லை, போயிருந்தாலும் வந்திருக்காது. இடது பக்கம் இன்னும் மோசம்தான்.

மாலையில் அம்மாவைத் தியேட்டருக்கு அழைத்துப் போனேன். கூட்டமென்றால் கூட்டம். எங்கள் கட்சி ஒரு பக்கம், உங்கள் கட்சி ஒரு பக்கம், பழைய விளம்பரம் வரும்போதெல்லாம் விசில். தலைவர் பேசிய அந்தத் துண்டு வந்தது. அது முடிந்த கையோடு நம் கைகளை மேலிருந்து காட்டினாள். பேச்சு எதுவும் இல்லை, மாமா குதிக்கிற சத்தம் மட்டும். சாய்வு யாருடையது என்று யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்புறம் மாமா பள்ளத்தில் விழுந்தார், "உன்னாலதான்" ஆரம்பித்தது, கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். அந்த "நான்தான்" அப்படியே இருக்கிறது, வெட்டவில்லை.

விளக்கு போட்டதும் எங்களுக்குப் பின்னால் இரண்டு பேர் சண்டை பிடித்துக்கொண்டார்கள். "என்ன இருந்தாலும் செங்கல்தாங்க ஜெயிச்சது." "போங்க சார், சோப்பு பக்கத்துல வர முடியுமா?" குரல் ஏறிக்கொண்டே போனது. நான் அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைனை வெட்டும்போது ஒரு குரல் வைத்திருந்தாளே, அதே குரலில் திரும்பிச் சொன்னாள்.

"தம்பிங்களா, ரெண்டும் எங்க வீட்டுல செஞ்சது."

அவள் பையைத் தேடி எடுத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்து எழுந்து, வழியில் நின்ற அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் அவளுக்கு இடது பக்கமாக நடந்தேன்.

அன்புடன்
அக்கா